ஆம்பூரில் நான் வெறியை விட்ட கதை

ஆம்பூரில் வெறி என்றால் நாய்க்குப் பிடிப்பது. யாழ்ப்பாணத்தில் அது குடித்தவனுக்கு ஏறுவது. இந்தச் சின்ன வேறுபாட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் அரசு மருத்துவமனையில் நாய்க்கடி ஊசிக்கான வரிசையில் போய் நின்றேன்.

இங்கு வந்து மூன்று வருடமாகிறது. கொழும்பில் நான் வேலை செய்த நிறுவனம் ஆம்பூரில் சப்பாத்து, இங்கத்தைய பேச்சில் ஷூ, தைத்து வாங்குகிறது. பெட்டியில் அடைக்குமுன் தையலைப் பார்த்துத் தேறாதவற்றை ஒதுக்குவது என் வேலை. தோல் பதனிடும் வாடை பத்து நாளில் பழகிவிட்டது. வாடகை அறையின் தனிமை பழகவில்லை. ஊரிலேயே தொடங்கிய குடி, கேட்க ஆளில்லாத இடத்தில் வளர்ந்தது. ஒரு பின்னேரம் மனைவி வீடியோவில் அழைத்தாள். ஒன்பது வயது மகள் ஆரணி, பள்ளிக்கூடத்தில் கீறிய படத்தைக் காட்டினாள். நான் ஏதோ உளறியிருக்கிறேன். அவள் படத்தை மடித்துக்கொண்டு தாயிடம் சொன்னாள்: "அப்பா வெறியில நிக்கிறார். போனை வையுங்கோ." அதன்பிறகு மூன்று வாரம் அவள் என்னோடு பேச வரவில்லை.

கூடியிருந்து பேசியே குடியை விடுகிறவர்கள் பல ஊர்களில் உண்டென்று வாசித்திருந்தேன். இங்கே எங்கேயென்று தெரியாது. தெருமுனையில் ஆட்டோ ஓட்டும் அன்வர் பாயிடம், "வெறியை மாத்துற இடம் எங்கயாவது இருக்கோ? அவசரம்" என்றேன். என்னை ஒருமாதிரிப் பார்த்தவர், ஏற்றிக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு வண்டியைப் பறக்கவிட்டார். இறக்கிய இடத்தில் நர்ஸ் கேட்டார்.

"நாய் எங்க கடிச்சிது?"

"நாய் கடிக்கேல்லை. எனக்குத்தான் வெறி."

நர்ஸ் ஓரடி பின்னால் போனார். அன்வர் பாய் மெதுவாகக் கேட்டார்: "தண்ணியப் பாத்தா பயமா இருக்குதா சார்?"

"இல்லை. தண்ணியாலதான் பிரச்சினை."

அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. "குடிக்கிறத சொல்றீங்களா? இதுக்கா சார் இவ்ளோ பேஜாரு! மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல!"

வரிசையே சிரிக்கப்போகிறது என்று கூனிப்போனேன். நர்ஸ் சிரிக்கவில்லை. ஒரு சீட்டின் பின்னால் தேவாலயம் ஒன்றின் பெயரையும், பின்பக்க அறை, ஞாயிறு நாலு மணி என்பதையும் எழுதித் தந்தார். "எங்க வார்டுல படுத்திருந்தவங்க நெறைய பேர் அங்க போறாங்க. இன்னிக்கே போங்க. நாளைக்குன்னா மனசு மாறிடும்." மூன்றரைக்கு அன்வர் பாய் தானாகவே என் வாசலில் வந்து ஹாரன் அடித்தார்.

பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மின்விசிறி, பத்துப் பதினைந்து பேர். யார் தன் பெயரைச் சொன்னாலும் எல்லோரும் ஒரே குரலில் வணக்கம் சொல்வதும், அங்கே கேட்டதை வெளியே சொல்லாததும் அவர்கள் வழக்கம். ஒருவர் மட்டும் பெயரை மாற்றி எழுத அனுமதித்தார். ஏழுமலை என்ற பெயரையும் அவரே தேர்ந்தெடுத்தார். தோல் ஊறும் டிரம்மைக் கவனிக்கும் தொழிலாளி. தன் பிள்ளையின் காதுகுத்தலன்று குடித்துவிட்டுத் தெருவில் கிடந்ததைக் குரல் தாழ்த்தாமல் சொன்னார். அவர் வேலை செய்யும் இடத்து மேலாளர் பக்கத்து நாற்காலியில் இருந்தார். அவருக்கும் சொல்ல ஒன்று இருந்தது. எங்கள் ஊரில், குடித்தே செத்துப்போன என் சித்தப்பாவின் செத்தவீட்டில்கூட நாங்கள் நெஞ்சுவருத்தம், இதய நோய் என்றுதான் சொன்னோம். இவர்களுக்கு இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று வியந்துகொண்டிருக்கும்போதே என் முறை வந்தது.

"நான் எட்டு வருசமாப் பாவிக்கிறனான்" என்றேன். குடிப்பதை நாங்கள் மரியாதையாகச் சொல்வது அப்படித்தான். பயன்படுத்துகிறேன் என்று பொருள். ஏழுமலை பதறி எழுந்தார்.

"பாவின்னுலாம் சொல்லாதீங்க சார். இங்க யாரும் பாவி கெடையாது. இது ஒரு நோவு, அவ்ளோதான்."

திருத்த வாயெடுத்தேன். முடியவில்லை, அழுதுவிட்டேன். யாரும் ஆறுதல் சொல்ல அவசரப்படவில்லை. அழுது முடியும்வரை காத்திருந்தார்கள்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. தீபாவளியன்று அறையில் தனியே இருந்து மறுபடி குடித்தேன். மறுநாள் கூட்டத்திலிருந்து கூப்பிட்டவர்களுக்கு நான் போனை எடுக்கவில்லை. மத்தியானம் ஏழுமலை தூக்குச்சட்டியில் இட்லியும் கறிக்குழம்பும் கொண்டுவந்தார். மூலையில் கிடந்த போத்தலைப் பார்த்தார், தட்டைக் கழுவி இட்லியை எடுத்து வைத்தார். நான் சாப்பிடும்வரை தரையில் உட்கார்ந்திருந்துவிட்டு, "ஞாயித்துக்கெழம வந்துடுங்க சார், ஜாஸ்தி யோசிக்காதீங்க" என்றார். போனேன். அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேலாகத் தொடவில்லை.

போன மாதம் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் பக்கத்திலும் இப்படிக் கூடுவார்களா என்று விசாரித்தேன். கேட்டவர்கள், ஆருக்கு என்று திருப்பிக் கேட்டார்கள். எனக்கு என்றேன், பேச்சை மாற்றினார்கள். ஞாயிறு நாலு மணிக்கு முற்றத்தில் நாற்காலியைப் போட்டு ஏழுமலையை அழைத்தேன். அவர் தன் போனை என் வழக்கமான நாற்காலியில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். ஆம்பூர் மின்விசிறியின் சத்தம் எங்கள் முற்றத்தில் கேட்டது. ஆரணி முக்காலியை இழுத்துவந்து என்னோடு ஒட்டி உட்கார்ந்தாள்.

"பக்கத்துல யாரு சார்?" என்றார் ஏழுமலை.

"என்ர மகள்."

"பாப்பா, ஒம்பேரு இன்னா?"

அவள் என் காதுக்குள், "அப்பா, இன்னா எண்டால் என்ன?" என்றாள். சொல்லிக்கொடுத்தேன். போனுக்குக் கிட்டக் குனிந்து தன் பெயரைச் சொன்னாள். வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டார் பார்த்துக்கொண்டு நிற்க, கடலுக்கு அப்பாலிருந்து அத்தனை பேரும் ஒரே குரலில், "வணக்கம் ஆரணி" என்றார்கள்.