மேலச்சேற்றிலிருந்து வந்த பதில்

"டின்னை எங்கடி வச்ச?"

"எனக்கென்ன தெரியும்? நீங்க எங்கிட்டுப் போட்டீங்களோ!"

"பொய் சொல்லாத செவந்தி. காலையில உடையப்பன் வண்டி வந்துரும். மேலச்சேத்துல புழு மண்ணு தள்ளியிருக்கு. நேத்து நானே பாத்தேன். ஒரே எடத்துல, ஆள் படுத்த நீளத்துக்கு!"

"அந்தச் செத்த சேத்துல ஏது புழு? போகாதீங்கன்னா போகாதீங்க!"

பக்கத்து வீட்டு வீரய்யாவுக்கும் அவர் பெண்டாட்டி செவந்திக்கும் சண்டை. நான் வேலியோரம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். ஒட்டுக் கேட்கவில்லை. ஒரே கொத்தை வெகுநேரம் உருவினேன், அவ்வளவுதான். மற்ற விஷயங்களில் கொஞ்சம் கூட்டிச் சொல்வேன், ஊருக்கே தெரியும். இதில் கூட்ட எனக்குத் தைரியம் கிடையாது. நடந்தது நடந்தபடியே சொல்கிறேன்.

எங்கள் ஊர் மணமேல்குடிப் பக்கம். ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலக்கிற சேற்றில் புழு தோண்டுவதுதான் வீரய்யாவுக்குத் தொழில். இறால் குஞ்சு பொரிக்கிற இடங்களில் அதுதான் தாய் இறாலுக்குத் தீனி. ஏஜெண்டு உடையப்பன் வந்து வாங்கிப் போவான். புழு இருக்கிற சேற்றில் இடியாப்பம் பிழிந்த மாதிரி மண் தள்ளியிருக்கும். அந்தச் சேறு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். கீழ்ச்சேற்றை ஆளாளுக்குத் தோண்டிக் காலி செய்தாயிற்று. ஆற்றோடு மேலே போனால் மேலச்சேறு. அது எப்போதோ செத்துவிட்டது. கறுப்பு. அழுகின முட்டை வாடை. நண்டு கிடையாது, உள்ளான் குருவிகூட இறங்காது. கால் வைத்தால் இடுப்பு வரை இழுக்கும்.

சேற்றில் நிற்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். கரையிலிருந்து எதையாவது இரண்டு தட்டு தட்டினால் 'வா' என்று அர்த்தம். உள்ளே இருப்பவர் புழு டின்னில் இரண்டு தட்டுவார். 'வாரேன்' என்று அர்த்தம்.

வீரய்யா வெயிலோடு வெயிலாகக் கிளம்பிப் போனார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு செவந்தி வந்து நின்றாள். "சொர்ணக்கா, கரை வரைக்கும் வாங்களேன். மனுசன் இன்னும் வரல."

சண்டையின் மிச்சம் கரையில் நடக்கும்போது நான் வீட்டில் இருப்பேனா? கையிலிருந்த சொம்போடு கிளம்பிவிட்டேன்.

கரையில் காற்றே இல்லை. தூரத்தில், மேலச்சேற்றின் நடுவில், ஓர் ஆள் குனிந்து நின்றது. தோண்டவில்லை. சும்மா குனிந்து நின்றது.

சொம்பைக் கல்லில் தட்டினேன். டங்... டங்...

சேற்றிலிருந்து பதில் வந்தது.

டங்... டங்...

"அந்தா, வாராராம்! இதுக்குப் போயி என்னைய இழுத்துட்டு வந்தியாக்கும்?"

செவந்தி என் கையைப் பிடித்தாள்.

"அக்கா... டின்னு வீட்டுல இருக்கு. நாந்தான் அரிசி டிரம்முக்குள்ள ஒளிச்சு வச்சேன். டின்னு இல்லாட்டிப் போகமாட்டாருன்னு..."

டங்... டங்...

இப்போது பக்கத்தில்.

அந்த ஆள் நிமிரவில்லை. நடக்கவும் இல்லை. ஆனால் கிட்டே வந்திருந்தது.

ப்ளக்... ப்ளக்...

சேற்றில் புழு மண் தள்ளிக்கொண்டு வந்தது. குட்டிக் குட்டி இடியாப்பமாக. இரண்டு வரிசை. கால் மாற்றிக் கால் வைக்கிற மாதிரி. எங்களைப் பார்த்து.

டங்...

எங்கள் காலுக்கு அடியில்.

ஓடினோம்.

மறுநாள் தண்ணீர் வற்றியதும் ஊர் ஆட்கள் பலகை போட்டு உள்ளே போனார்கள். கறுப்புச் சேற்றில் ஒரே ஓர் இடத்தில் புழு மண். ஆள் படுத்த நீளத்துக்கு. அதன் அடியில்தான் வீரய்யா படுத்திருந்தார். சாவதற்கு முந்தின நாளே அவர் பார்த்துவிட்டு வந்த அதே இடம். வெயில் இருக்கும்போதே உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர். அதாவது, நான் சொம்பைத் தட்டுவதற்கு வெகு முன்னால்.

காரியம் முடிந்து செவந்தி அரிசி டிரம்மைத் திறந்தாள். பக்கத்தில் நான் இல்லாமலா? டின் வைத்த இடத்திலேயே இருந்தது. மூடியை நெம்பினோம். உள்ளே முட்ட முட்டக் கறுப்புச் சேறு. புழுக்கள் நெளிந்தன. சுற்றியிருந்த அரிசியில் ஒரு மணிகூட நனையவில்லை.

உடையப்பன் அந்தப் புழுவையும் கேட்டான். அவன் அப்படித்தான்.

அந்த ஆள் நீளம் தவிர மேலச்சேற்றில் இன்றுவரை வேறு எங்கும் புழு இல்லை.

செவந்தி, மகள் ஹரிணியைக் கூட்டிக்கொண்டு கந்தர்வக்கோட்டைக்கு முந்திரிக்கொட்டை உடைக்கப் போய்விட்டாள். டின்னை எடுத்துப் போகவில்லை. அந்த வீட்டுக்குக் கோபிநாத்தும் வனிதாவும் குடிவந்தார்கள். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. வெளியூர்ப் பிள்ளைகள்.

ஒருநாள் வனிதா வேலியோரம் வந்தாள்.

"அக்கா, பொழுது சாஞ்சா யாருக்கா டின்னத் தட்டுறது?"

"பூனையா இருக்கும்."

"பூனையா? நான் வெளாட்டுக்குப் பதிலுக்கு ரெண்டு தட்டுனேங்க்கா. உடனே திரும்பத் தட்டுச்சு!"

பதிலுக்கு இரண்டு தட்டினால் 'வாரேன்' என்று அர்த்தம் என்பது அந்த வெளியூர்ப் பிள்ளைக்குத் தெரியாது.

அடுத்த மாதமே கோபிநாத் வீட்டைக் காலி செய்துவிட்டுத் திருமயத்துக்குப் போய்விட்டான்.

தனியாகத்தான் போனான்.