பதினேழாவது கடை

லெபனானில் அஞ்சார் இடிபாடுகளுக்கு வருகிறவர்கள் கலீபாவின் அரண்மனையைப் பார்ப்பதற்கு முன்னால் தொவ்மாஸைப் பார்த்தாக வேண்டும். வாசலுக்கு நட்டநடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். அவருக்குச் சம்பளம் காவல் காப்பதற்குத்தான். கதை சொல்வது அவராகவே இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. நாற்பத்திரண்டு வருடமாக அதை மட்டும் ஒழுங்காகச் செய்தார். காவலை நாய்கள் பார்த்துக்கொண்டன.

"வாங்க, வெயில் ஏறுறதுக்குள்ள வடக்குத் தெருவைப் பாத்துருவோம்" என்று எழுந்து நடப்பார். தெருவின் இரண்டு பக்கமும் வரிசையாகக் கடைகள். கூரை இல்லை, கதவு இல்லை, இடுப்பளவுச் சுவர்தான் மிச்சம். அரண்மனையை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுகிற தொவ்மாஸ் இந்தக் கடைகளில் மட்டும் ஒவ்வொன்றாக நிற்பார். "இது செம்புப் பாத்திரக்காரர் கடை. தட்டித் தட்டியே அவருக்கு ஒரு காது போச்சு. இது பட்டு நூல்காரி. தராசுல எப்பவும் ஒரு விரல் வெச்சிருப்பா. இங்க சாராயம்."

"கலீபா ஊர்லயா சாராயம்?" என்று ஒருமுறை பெய்ரூட்டுக்காரர் ஒருவர் கேட்டுவிட்டார்.

"கதவைச் சாத்திக்கிட்டுத்தான் வித்தாரு" என்றார் தொவ்மாஸ், கண் சிமிட்டாமல்.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். தொவ்மாஸுக்கு அது பொய்யாகவே தோன்றியதில்லை. அவருடைய அப்பா செரோப் சொன்னது அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதில் மலை துருக்கியின் கைக்குப் போனதும் ஆறு மலைக்கிராமத்து ஆர்மீனியர்கள் வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து இறங்கியபோது இங்கே முள்ளும் கல்லும் தவிர ஒன்றும் இல்லை. இரண்டு வருடத்தில் திரும்பிப் போய்விடலாம் என்று நம்பித்தான் கூடாரம் அடித்தார்கள். பத்து வருடம் கழித்து முள்ளுக்கு அடியில் பட்டணம் இருக்கிறது என்று அரசாங்கம் தோண்ட ஆரம்பித்தது. தோண்டப் போன கூலிகளில் செரோப்பும் ஒருவர். மண்வெட்டிக்குக் கடை கடையாக அகப்பட்டது. ஆள் இல்லாத கடைகளைப் பார்த்தால் அவருக்குப் பொறுக்காது. தன் ஊர்க் கடைத்தெரு ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்கார வைத்தார். செம்புக்காரர், பட்டு நூல்காரி, சாராயக்காரர் எல்லாரும் அவர் விட்டுவிட்டு வந்த ஊர்க்காரர்கள். வலப்பக்கம் பதினேழாவது கடையில் தன் அண்ணன் நிஷானை உட்கார வைத்தார்.

நிஷான் சீப்புச் செதுக்குகிறவர். வந்த முதல் கோடையிலேயே மலேரியாவில் போய்விட்டார். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. அந்தக் கோடையில் ஒரு நாளைக்கு நாலு பேர், ஐந்து பேர் என்று செத்தார்கள். புதைக்கிறவர்களுக்கே காய்ச்சல். கல் நட ஆளில்லை, பெயர் எழுத ஆளில்லை. கிழக்குச் சரிவில் குழி வெட்டி மூடிவிட்டு வந்தார்கள். அடுத்த மழையில் மேடெல்லாம் கரைந்து புல் முளைத்துவிட்டது. தம்பி செரோப் அன்று காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தார். அண்ணனை எங்கே வைத்தார்கள் என்று அவருக்குச் சாகிற வரை தெரியாது.

ஆர்மீனியர்களான எங்களுக்கு, செப்டம்பரில் வரும் சிலுவைத் திருநாளின் மறுநாள் திங்கட்கிழமை இறந்தவர்கள் நாள். ஒவ்வொரு குடும்பமும் தன் கல்லறைக்குப் போய்ச் சாம்பிராணி போடும். சாமியார் கல்லறை கல்லறையாக வந்து பெயர் கேட்டு ஜெபம் சொல்வார். கல்லறை இல்லாத செரோப் என்ன செய்வார்? சாம்பிராணித் தட்டை எடுத்துக்கொண்டு பதினேழாவது கடைக்குப் போனார். பின்சுவரில் கல் வரிசைக்கும் செங்கல் வரிசைக்கும் நடுவில் விளக்கு வைக்கிற மாடம் போல ஒரு பிறை உண்டு. அதில் தட்டை வைத்துப் புகை போட்டார். அப்பாவுக்குப் பிறகு தொவ்மாஸ் போட்டார். அறுபது வருடப் புகையில் பிறை கன்னங்கரேலென்று ஆகிவிட்டது.

வினை அங்கேதான் பிடித்தது. பல வருடத்துக்கு முன்னால் ஆராய்ச்சிக்கு வந்த ஒரு மாணவர், "இது சீப்புக்காரர் கடை" என்று தொவ்மாஸ் சொன்னதைக் கேட்டார், பிறையில் கரியைப் பார்த்தார், மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டார். மாட்டுக் கொம்பைச் சூடு காட்டி நிமிர்த்திச் சீப்புச் செய்திருக்கிறார்கள், அதற்கான அடுப்புக் கரி இது, உள்ளூர் மரபும் அதையே சொல்கிறது என்று எழுதினார். நிஷான் மரச்சீப்புக்காரர், ஜென்மத்தில் கொம்பைத் தொட்டவர் இல்லை. தொவ்மாஸுக்கு அது தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு ஒருநாள் லாரியில் வந்த பலகையைக் கடை முன்னால் நட்டார்கள். 'கொம்புச் சீப்பு செய்பவர் கடை. எட்டாம் நூற்றாண்டு' என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது. தொவ்மாஸ் அன்று முழுவதும் அதன் முன்னாலேயே நின்றார். அப்பாவுக்கு நட வாய்க்காத கல்லறைக் கல் மகனுக்கு அரசாங்கச் செலவில் வாய்த்துவிட்டது என்றுதான் அவருக்குத் தோன்றியது. அந்தச் சந்தோஷத்தில் கொம்பு ஒரு குற்றமாகத் தெரியவில்லை.

பிற்பகல்களில் ஆள் வராது. ஓடைத் தண்ணீர் உயர்ந்த பாப்லர் மரங்களுக்குள் ஓடுகிற சத்தம் மட்டும் இருக்கும். தொவ்மாஸ் பதினேழாவது கடையின் நிழலில் சாய்ந்து கண்ணை மூடுவார். முழுத் தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. அந்த நேரத்தில் தெரு திறக்கும். செம்பு தட்டுகிற ஒலி கேட்கும். பட்டு நூல்காரி யாரையோ ஏசுவாள். கலீபாவின் ஆட்கள் வெள்ளைத் தலைப்பாகையோடு வந்து மலைக்காரர்களிடம் விலை கேட்பார்கள், யாருக்கும் யார் மேலும் வியப்பு இல்லை. நிஷான் மடியிலிருந்து மரத்தூளைத் தட்டிவிடுவார். தொவ்மாஸ் அவரைப் பார்த்ததே இல்லை, ஒரு படம்கூடக் கிடையாது. அதனால் அப்பாவின் மூக்கையே அவருக்கும் வைத்திருந்தார். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவர் மற்ற நேரமெல்லாம் வேலை செய்தார் என்று சொன்னாலும் தப்பில்லை.

இந்த வருடம் திருநாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது பெய்ரூட்டிலிருந்து நஹ்லா என்ற பெண் வந்தாள். தொல்லியல் ஆய்வாளர், முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். வந்ததும் பதினேழாவது கடையில் மண்டி போட்டு, பையிலிருந்து ஒரு சின்னக் கத்தியையும் கண்ணாடிக் குப்பியையும் எடுத்தாள்.

"என்னம்மா பண்ணப் போற?" என்றார் தொவ்மாஸ்.

"இந்தக் கரியைக் கொஞ்சம் சுரண்டி வெளிநாட்டுக்கு அனுப்பப் போறேன் மாமா. எத்தனை வருஷம் பழசுன்னு அவங்க சரியாச் சொல்லிருவாங்க. என் புத்தகத்துல ஒரு அத்தியாயமே இந்தக் கடைதான்."

தொவ்மாஸ் கத்தியையே பார்த்தார். சொல்லாமல் விட்டால் கரி சொல்லிவிடும். சொன்னால் பலகை போய்விடும். பலகை போனால் நிஷான் இரண்டாம் தடவை காணாமல் போவார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவருக்கு இப்போது இலையே பறந்தது. அவள் கத்தி சுவரைத் தொட்டது.

"அது சாம்பிராணிப் புகைம்மா" என்றார்.

அவள் நிமிர்ந்தாள். "எட்டாம் நூற்றாண்டுச் சாம்பிராணியா?"

"இல்ல. போன செப்டம்பர்."

அவளுக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. "யாரு போட்டது?"

"நான்தான். எனக்கு முன்னாடி எங்கப்பா."

எல்லாவற்றையும் சொன்னார். கோடை, காய்ச்சல், தட்டு, கொம்பு எல்லாம். சொல்லச் சொல்ல அவர் குரல் சின்னதாகிக்கொண்டே போனது. நஹ்லா குப்பியை மூடிப் பையில் போட்டாள்.

"நாலு வருஷம் மாமா. இதை நம்பி நாலு வருஷம் எழுதியிருக்கேன்."

"தெரியாமப் போச்சும்மா."

"உங்களுக்கா? உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. காவல்காரரே உள்ள நெருப்பு வெச்சிருக்கீங்க. நான் எழுதிப் போட்டா உங்க வேலை என்னாகும்?"

அவள் தெருப்பக்கம் திரும்பினாள்.

"அப்ப அந்தச் சாராயக்கடை?"

"அவரு எங்கூர்க்காரரு."

"எத்தனை கடை இப்படி?"

"இந்தப் பக்கம் முழுக்கம்மா."

நஹ்லா எழுந்து முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். "பலகையை எடுக்கச் சொல்லிர்றேன். வேற எதுவும் எழுத மாட்டேன். ஆனா இனிமே இங்க சாம்பிராணி போடாதீங்க. சுவரு உங்க பெரியப்பாவுக்கு மட்டும் சொந்தமில்ல." அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூட அநியாயம் இல்லை. அதுதான் தொவ்மாஸுக்கு வலித்தது.

சனிக்கிழமை இரண்டு பேர் வந்து பலகையின் திருகாணியைக் கழற்றினார்கள். "இதை என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார் தொவ்மாஸ். "பழைய இரும்போட போடுவோம்" என்றார்கள். வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். வீட்டில் அவர் மனைவி அஸ்னிவ் திருநாளுக்குக் காய்ச்சும் ஹரிசா என்ற இறைச்சிக் கஞ்சிக்குக் கோதுமை களைந்துகொண்டிருந்தாள். பலகையைப் பார்த்தாள், கணவன் முகத்தைப் பார்த்தாள்.

"திங்கக்கிழமை எங்க போறது?" என்றாள்.

"தெரியல."

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டு அஸ்னிவ் கோதுமையை அப்படியே வைத்துவிட்டாள். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில் அவர் தெரியாது என்று ஒன்றையும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முற்றத்தில் மேளமும் நாயனமும் முழங்க, பெரிய கொப்பரைகளிலிருந்து ஹரிசாவை அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள். தொவ்மாஸ் தன் கிண்ணத்தைத் தொடவில்லை. திங்கள் காலையில் ஊரே கல்லறைத் தோட்டத்துக்குப் போனது. அவர் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு கிழக்குச் சரிவுக்கு நடந்தார். பின்னால் அஸ்னிவ் சாம்பிராணித் தட்டோடு வந்தாள். சரிவில் புல், அங்கங்கே காட்டுப்பூண்டு, வேறொன்றும் இல்லை. நாலைந்து இடத்தில் நின்று பார்த்தார். எந்த இடமும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை.

"எங்கயாவது ஒரு இடத்துல நட்டுருங்க, கை வலிக்கப் போகுது" என்றாள் அஸ்னிவ்.

நட்டார். அவள் தள்ளி நின்று படித்தாள். "கொம்புச் சீப்புன்னு இருக்கு. மாமனார் பாத்திருந்தா சண்டைக்கே போயிருப்பாரு. அதுவுமில்லாம இருபத்தாறு வயசுல போன மனுஷனுக்கு ஆயிரத்து முந்நூறு வயசாக்கிட்டீங்க."

தொவ்மாஸுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. புகை எழுந்ததைப் பார்த்துச் சாமியார் அங்கி தடுக்கச் சரிவில் ஏறி வந்தார். பலகையை மூன்று மொழியிலும் படித்துவிட்டு, "யாருக்குப்பா இது?" என்றார்.

"நிஷானுக்கு, சாமி. எங்கப்பாவோட அண்ணன்."

"இங்கதான் இருக்காரா?"

"தெரியாது சாமி."

சாமியார் பெயரைச் சொல்லி ஜெபம் செய்தார். அவர் முடிப்பதற்குள் கீழேயிருந்து அடுத்த தெரு ஒகிதா தன் தட்டோடு வந்து நின்றாள். "எங்க அத்தை ஒருத்தி, ஏழு வயசுப் பிள்ளை, அந்தக் கோடையிலதான் போச்சு. இங்கதான் எங்கயோ இருக்கும். நானும் வெச்சுக்கட்டுமா?" என்றாள். தொவ்மாஸ் நகர்ந்து இடம் விட்டார். அவளுக்குப் பின்னால் ரொட்டிக்காரர் வந்தார், அவருடைய தாத்தாவுக்காக. பிறகு இன்னொரு குடும்பம். இரட்டைக் குழந்தைகள் என்று மட்டும் தெரியும், பெயர் தெரியாது என்றார்கள். சாமியார் பெயர் இல்லாமலே ஜெபம் சொன்னார்.

பத்து மணிக்குள் பலகைக்குக் கீழே பதினெட்டுத் தட்டு சேர்ந்துவிட்டது. எழுபது வருடமாக எங்கே போய் நிற்பதென்று தெரியாமல் ஒவ்வொரு வீடும் தனித்தனியாக வைத்திருந்த சாவு அங்கே வந்து உட்கார்ந்தது. புகையில் எழுத்துகள் மங்கித் தெரிந்தன. வந்தவர்கள் ஒருவருக்கொருவர் தள்ளிக்கொண்டு, கால் மிதித்ததற்கு ஏசிக்கொண்டு, தட்டு வைக்க இடம் கேட்டார்கள். ஓர் ஓரமாக நின்ற தொவ்மாஸ் கண்ணை மூடாமலே பார்த்தார். நிஷானின் கடையில் கூட்டம்.