முப்பத்து மூன்று எழுத்தும் நாற்பத்தொரு பெயரும்

காலை ஒன்பது இருபது. சார்பதிவாளர் அலுவலகத் தெருவிலிருக்கும் தட்டச்சுக் கடையில் முதலில் கண்ணில் பட்டது, கணினித் திரையின் ஓரத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்த ஒரு தாள். இடப்பக்கம் ரஷ்ய எழுத்துகள், வலப்பக்கம் அவற்றுக்கு ஈடான ஆங்கில எழுத்துகள். நீல மையில் முப்பத்து மூன்று வரிகள்.

நான் போனது வீட்டுப் பத்திரத்தின் நகல் ஒன்றுக்காக. கடைக்காரப் பெண் நிமிரவில்லை.

"அண்ணாச்சி, உங்க வேலை இப்பம் ஆகாது. அஞ்சு மணிக்கு மேல பாக்கேன்."

அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் இன்னொரு பெண், இருபத்தைந்து வயது இருக்கும். வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூலில் அவளுடைய அப்பா உட்கார்ந்திருந்தார். மேலநீலிதநல்லூர்ப் பக்கத்துக் கிராமம். ஆடு வளர்க்கிறார், கொஞ்சம் மானாவாரி நிலமும் உண்டு. எனக்கு வேறு வேலை இல்லாததால் அங்கேயே உட்கார்ந்தேன்; விவரம் அவர் சொல்லித்தான் தெரிந்தது.

மகள் ரஷ்யாவில் மருத்துவம் படித்தவள். திரும்பி வந்து இங்குள்ள தேர்விலும் தேறிவிட்டாள். அடுத்தது ஒரு வருடப் பயிற்சி. அதற்கான விண்ணப்பத்தில், படிக்கும்போது அவளை மேற்பார்வை பார்த்த நாற்பத்தொரு டாக்டர்களின் பெயர்களும் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும். கல்லூரி நேரடியாக அனுப்பிய ரஷ்யப் பட்டியலோடு அதை அலுவலகத்தில் ஒப்பிடுவார்கள். அவள் வீட்டில் தயாரித்து அனுப்பியது ஏற்கெனவே ஒருமுறை திரும்பி வந்திருந்தது. அன்று மாலை ஐந்து மணிக்குள் சரியான பட்டியல் போகாவிட்டால் அந்த வருடத்துக்கு இடம் கிடையாது.

"கம்ப்யூட்டரே மாத்தித் தராதா?" என்று கேட்டேன்.

"தரும் அண்ணாச்சி. மூணு வெப்சைட்டு மூணு விதமாத் தருது" என்றாள் மகள். "பாதியை அதுல எடுத்தேன். மீதியை வார்டுல கூப்பிடுத மாதிரி எழுதிட்டேன். ஒரே சர்ஜன் மூணு வெப்சைட்டுலயும் மூணு ஆளா ஆயிட்டாரு."

"மூணு பேரும் சேந்தா ஆபரேஷன் பண்ணுனாங்க?" என்றாள் கடைக்காரப் பெண், விசைப்பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவளுக்கு ரஷ்ய மொழி தெரியாது. பதினைந்து வருடமாகச் சொத்துப் பத்திரங்களுக்கு நகல் அடிக்கிறாள். அந்த வேலைக்கு ஒரு கண்டிப்பு உண்டு. மூலத்தில் இருப்பதுதான் நகலிலும் இருக்க வேண்டும்; மூலத்தில் தவறு இருந்தால் தவறாகவே அடிக்க வேண்டும். திருத்துவது அடிப்பவர் வேலை இல்லை. ரஷ்யப் பெயர்களுக்கும் அவள் அந்தக் கண்டிப்பையே வைத்தாள். ரஷ்ய பாஸ்போர்ட்டில் எந்த எழுத்துக்கு எந்த எழுத்து போடுகிறார்களோ, அதை மட்டும் வரிசையாக எழுதித் தரச் சொன்னாள். அதுதான் திரையோரத்தில் ஒட்டியிருந்த தாள். எழுதி வாங்கியதும் மகளைப் பேச வேண்டாம் என்றாள்.

"பேரை வாசிச்சுச் சொல்லாதீங்க டாக்டரம்மா. காதுல ஏறிட்டுன்னா கை அதைத்தான் அடிக்கும்."

ஒரு ஸ்டீல் ஸ்கேலை ரஷ்யத் தாளில் வரியின் கீழ் வைத்து, ஒவ்வோர் எழுத்தாகக் கடந்தாள். எச் போலத் தெரிவது என். சி போலத் தெரிவது எஸ். எக்ஸ் போலத் தெரிவதற்கு இரண்டு எழுத்து. முள்கரண்டி போன்ற ஒன்றுக்கு நான்கு. ஓர் இடத்தில் விரல் நின்றது. ஒட்டிய தாளில் அந்த எழுத்துக்கு நேரே வெறும் கோடு.

"இதுக்கு என்ன?"

"அதுக்கு ஒண்ணும் கிடையாதுக்கா. எழுத்துல இருக்கும். அதுக்குன்னு தனியாச் சத்தம் இல்ல."

"எங்க வீட்டுக்காரர் மாதிரி" என்று சொல்லிவிட்டு அடுத்த எழுத்துக்குப் போனாள்.

பத்துப் பெயர் தாண்டியதும் அவள் ஒட்டிய தாளைப் பார்ப்பது குறைந்தது. இருபத்தாறாவது பெயரில் நிறுத்தி, பன்னிரண்டாவதுக்குத் திரும்பிப் போனாள். ஒரே எழுத்து இரண்டு இடத்திலும் வருகிறது, அங்கே வேறாக அடித்திருக்கிறோம் என்றாள். தாளைப் பார்த்தோம்; அவள் சொன்னது சரி. பத்திரிகையில் நான் வேலை பார்த்த காலத்தில், தெரியாத மொழியில் இப்படிப் பிழை பிடிக்கக்கூடிய மெய்ப்புத் திருத்துநர் ஒருவரைக்கூடக் கண்டதில்லை.

ஒன்றரைக்கு அப்பா எலுமிச்சம் சாதப் பொட்டலங்களோடு வந்தார். கடைக்காரப் பெண் பின்பக்கம் போய்ச் சாப்பிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவி, துடைத்து, உலரும்வரை நின்றாள். ரஷ்யத் தாளில் எண்ணெய்க் கறை ஆகக் கூடாது.

இரண்டு நாற்பதுக்கு முடிந்தது. அச்செடுத்து எனக்கும் மகளுக்கும் ஒவ்வொரு பிரதி தந்து, தானும் ஒன்றை எடுத்துக்கொண்டாள். பத்திரிகை வழக்கப்படி நான் கடைசிப் பெயரிலிருந்து மேலே சரிபார்த்தேன். அவர்கள் இருவரும் மேலிருந்து கீழே வந்தார்கள். நாற்பத்தொன்றிலும் எழுத்துப் பிழை இல்லை. அனுப்பலாம் என்றேன். மகள் மவுஸில் கை வைத்தாள்.

அப்பா எழுந்து வந்து எங்கள் பின்னால் நின்றிருந்தார்.

"எம்மா, ஒரு சந்தேகம். எனக்கு இங்கிலீசும் தெரியாது, அதுவும் தெரியாது. அந்தத் தாள்ல புள்ளி ரெண்டும் பேருக்குப் பின்னால கெடக்கு. இதுல முன்னால கெடக்கு."

"எந்தப் பேருலப்பா?"

"எல்லாத்துலயுந்தான்."

பார்த்தோம். ரஷ்யப் பட்டியலில் குடும்பப் பெயர் முதலில் வருகிறது. அதன் பின்னால் இரண்டு இனிஷியல்: ஒன்று அவரவர் சொந்தப் பெயருக்கு, இன்னொன்று அப்பா பெயருக்கு. கடைக்காரப் பெண்ணின் கை, நாற்பத்தொரு முறையும், அந்த இரண்டையும் எடுத்து முன்னால் போட்டிருந்தது. பதினைந்து வருடமாக அவள் அடித்த ஒவ்வொரு பெயரிலும் இனிஷியல் முன்னால்தான். மகளும் பள்ளிக்கூடத்தில் அப்படி எழுதிப் பழகியவள். நான் திருத்திய செய்திகளிலும் அப்படித்தான். படிக்கத் தெரிந்த மூன்று பேருக்கும் அது சரியாகத் தெரிந்தது.

மணி இரண்டு ஐம்பத்தைந்து. மகள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"விட்டுருவோமாக்கா? எழுத்தெல்லாம் சரியாத்தான இருக்கு."

"மூலத்துல எங்க இருக்கோ அங்கதான் இருக்கணும்" என்றாள் கடைக்காரப் பெண். "தப்பு என்னுது. அடிச்சிருதேன்."

இருப்பதிலேயே இனிஷியலை வெட்டிப் பின்னால் ஒட்டலாமே என்று நான் சொன்னேன். அவசரத்தில் ஒட்டினால் எங்காவது ஒரு புள்ளி விட்டுப்போகும் என்றாள். புதுக் கோப்பைத் திறந்து முதல் பெயரிலிருந்து தொடங்கினாள். இம்முறை ஸ்கேல் வரியின் கீழே மட்டும் நகரவில்லை. ஒவ்வொரு பெயர் முடிந்ததும் ஸ்கேலை நிமிர்த்தி வைத்து, புள்ளிகள் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டாள். தெருவில் யாரோ வந்து ஜெராக்ஸ் கேட்டார்கள். பதில் இல்லாததால் போய்விட்டார்கள்.

அப்பா மகளிடம் மெதுவாகக் கேட்டார்.

"அப்பம் அந்த ஊர்லயும் அப்பன் பேரைச் சேத்துத்தான் போடுதாங்களா?"

"ஆமாப்பா."

"பொம்பளப் பிள்ளையளுமா?"

"அவங்களுந்தான். கல்யாணம் ஆனாலும் அதை மாத்த மாட்டாங்க."

"ஏட்டி, இதை நீ ஆறு வருசமாச் சொல்லவே இல்லையே."

"நீங்க கேட்டதெல்லாம் அங்கன ஆடு இருக்கான்னுதான."

கடைக்காரப் பெண் சிரித்தாள். விரல் நிற்கவில்லை.

நாலு முப்பத்தெட்டுக்கு இரண்டாவது அச்சு வந்தது. நானும் மகளும் எழுத்துகளைச் சரிபார்த்தோம். அப்பாவிடம் கடைக்காரப் பெண் ஒரு பிரதியும் பென்சிலும் கொடுத்தாள்.

"அண்ணாச்சி, நீங்க புள்ளியை மட்டும் பாருங்க. சரியா இருந்தா டிக் போடுங்க."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு தாளையும் தொடைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டார். எங்களுக்குப் பிறகுதான் முடித்தார். நாற்பத்தொரு டிக் இருந்தது.

நாலு ஐம்பத்தொன்றுக்குப் பட்டியல் இணையத்தில் ஏறியது. பதினோராவது நாள் பயிற்சிக்கான உத்தரவு வந்தது. இடம் பக்கத்திலேயே, தென்காசி.