பசறைப் பாதையில் என் பின்னால் வந்தவர்கள்

இலங்கையில் ஊவாவின் தேயிலைத் தோட்டங்களில் வழிப்பறிக்காரர்கள் சங்கம் வைத்து, முறை போட்டுத் தொழில் செய்கிறார்கள் என்று நான் நான்கு மைல் தூரம் உறுதியாக நம்பினேன். ஒருவன் தன் எல்லை வரை என்னைத் தொடர்ந்து வந்து, அங்கே என்னை அடுத்தவனிடம் ஒப்படைக்கிறான். அவன் இன்னும் சிலரைச் சேர்த்துக்கொண்டு வருகிறான். எங்கள் ஊர்த் தபால்கூட அவ்வளவு ஒழுங்காகக் கைமாறியதில்லை. படிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். நாற்பத்தேழு வயதில், அந்தப் பருமனோடு நான் ஓடிய ஓட்டத்தை நேரில் பார்த்தவர்களே சிரித்துவிட்டார்கள்.

போன காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் பசறைக்கு அப்பால் மேமலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. அவர் மகன் முருகேசுக்குக் கல்யாணம். எங்கள் குடும்பத்தில் தாலியை முசிறி ஆசாரிதான் உருக்கித் தட்ட வேண்டும். வேறு கை பட்டது ஆகாது. ஆகவே மஞ்சள் துணியில் முடிந்த தாலியையும் ஒரு கூறைப் புடவையையும் நான் கொண்டு வருவது என்று ஏற்பாடு. முகூர்த்தம் விடியற்காலையில். நான் முதல் நாள் சாயங்காலத்துக்குள் போய்ச் சேராவிட்டால், மாப்பிள்ளை மணையில் உட்கார்ந்து வெறுங்கையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கொழும்பிலிருந்து வரும் ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடுகிறது. தெமோதரைப் பக்கம் மலையைக் குடைந்து பதுளை வரை பாதை போடுகிறார்கள். போட்டு முடியும்வரை மாட்டுவண்டிதான். ஆளுக்கு ஐம்பது சதம் கொடுத்து ஐந்து பேர் ஏறினோம். ஒரு பெரிய ஏற்றம் வந்ததும் மற்ற நால்வரும் ஒரு வார்த்தை பேசாமல் வண்டியிலிருந்து குதித்தார்கள். சிறுத்தை வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. மூட்டையைக் கட்டிக்கொண்டு வண்டிக்குள் குப்புறப் படுத்தேன். ஏற்றம் முடிந்தது. நால்வரும் வந்து, ஒன்றும் நடவாததுபோல் ஏறி உட்கார்ந்தார்கள்.

வளையல் வியாபாரி ஒருவர் மட்டும் மெதுவாகக் கேட்டார்: "ஐயாவுக்கு ஒடம்புக்கு முடியலீங்களா?"

"ஆமா, கொஞ்சம் தலைசுத்து" என்றேன். வேறு என்ன சொல்ல?

மாடுகளுக்குச் சுமை குறைய, ஏற்றத்தில் திடகாத்திரமான ஆண்கள் இறங்கி நடப்பது இங்கே வழக்கமாம். வண்டிக்காரன் வாய்விட்டுச் சொல்ல மாட்டான். சொன்னால் ஏறியவனுக்கு மரியாதைக் குறைவு. இது புரிந்து அடுத்த ஏற்றத்தில் நானும் இறங்கப் போனேன். விடுவார்களா? "நீங்க படுங்க, ஐயா" என்று ஒரு கம்பளியைப் போர்த்திவிட்டார்கள். பதுளை எல்லை வரை அந்தக் கம்பளிக்குள் வெந்துகொண்டே போனேன். என் பாரத்தையும் இழுத்த மாடுகள் என்னைப் பற்றி என்ன நினைத்தன என்பதை மாடுகளே அறியும்.

பதுளைக் கடைத்தெருவில் எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ராமசாமி புடவைக் கடை வைத்திருக்கிறார். இரவு அவர் வீட்டில் சோறும் பாயும் கிடைத்தன. காலையில் பசறை வண்டியில் ஏற்றிவிடும்போது அவர் ஒன்று சொன்னார்.

"தோட்டத்து வழியில ஆளுங்க உங்களை ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நீங்களும் பேசாம போயிக்கிட்டே இருங்க."

இதை அவர் ஆறுதலாகச் சொன்னார். நான் எச்சரிக்கையாக வாங்கிக்கொண்டேன்.

பதுளையிலிருந்து பசறை பன்னிரண்டு மைலுக்குக் கொஞ்சம் குறைவு. வழியெல்லாம் வளைவு, ஒரு வளைவில் பார்த்த பாறையை அடுத்த வளைவில் தலைக்கு மேல் பார்க்கலாம். உச்சிப்பொழுதுக்குப் பசறைக் கடைவீதியில் இரண்டு சதத்துக்குத் தேத்தண்ணி குடித்தேன். வண்டிக்காரன் அங்கே யாரிடமோ பேசிவிட்டு வந்து, "மண்ணு சரிஞ்சு கெடக்காம் ஐயா. இதுக்கு மேல வண்டி போகாது. தோட்டத்து ரோட்டைப் புடிச்சு நடந்தீங்கன்னா அஞ்சு மைலுதான். பொழுது சாயறதுக்குள்ள மேமலை" என்றான்.

மூட்டையைத் தலையில் வைத்தேன். தாலி மடியில். அது இருக்கிறதா என்று ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டு நடந்தேன். சொன்னால் வெட்கம்: ஒரு முறை என்றா சொன்னேன்? நெற்றியில் உட்காரும் ஈயை ஓட்டுவதுபோல் கை தானாக மடிக்குப் போய்க்கொண்டிருந்தது. போதாததற்கு ஒரு தூறலும் பிடித்தது.

முதல் தோட்டம். எதிரே வந்தவர்கள் எல்லாரும், கூடை சுமந்தவர்கள்கூட, மலைப்பக்கம் ஏறி ஒதுங்கி நின்று எனக்கு வழி விட்டார்கள். எங்கள் ஊர்ச் சந்தைக்கு நடுவில் நான் மயங்கி விழுந்தாலும் என்னைத் தாண்டித்தான் போவார்கள். இங்கே எதற்கு இந்த மரியாதை? ஒருவர்கூட எங்கே போகிறேன் என்று கேட்கவில்லை. புறப்பட்டுப் போகிறவனை 'எங்கே' என்று கேட்பது சகுனக் கேடு என்பது எங்கள் ஊரிலும் உண்டு. எங்கள் ஊரில் அதைச் சொல்லிவிட்டு உடனே கேட்டும் விடுவோம். இவர்கள் கேட்கவே இல்லை. ஏன் கேட்கவில்லை? ஏற்கெனவே தெரியும்! இப்படி என் மூளை கணக்குப் போட்டது.

அப்போது திரும்பிப் பார்த்தேன். இருபது அடி பின்னால் ஒருவன் வந்துகொண்டிருந்தான். தலையில் கம்பளிக் கொங்காணி, கையில் செடி கவ்வாத்து வெட்டும் வளைந்த கத்தி.

நான் நின்றேன். அவனும் நின்று தேயிலைச் செடியை உற்றுப் பார்த்தான். நான் நடந்தேன். அவனும் நடந்தான். எதையாவது பேசிச் சமாளிப்போம் என்று, "மழை வருமோ?" என்றேன், வந்துகொண்டிருந்த மழையில் நனைந்தபடி.

"வரும்போல இருக்குங்க" என்றான் அவன், மிகுந்த மரியாதையுடன். பிறகு, "தூரமா போறீங்களா? மூட்டையக் குடுங்களேன், நான் தூக்கிக்கிட்டு வர்றேன்."

"வேண்டாம்! லேசுதான்! காத்துதான் உள்ள இருக்கு!" என்று மூட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பிடித்த மறு விநாடி ஒரு கை மடிக்கு ஓடியது.

ஓர் ஓடை வந்தது. அதற்கு அப்பால் வேறு தோட்டம். கத்திக்காரன் பாலத்தின் முனையிலேயே நின்று, அக்கரையைப் பார்த்து "ஓய்!" என்று குரல் கொடுத்தான். நான் பாலத்தைத் தாண்டியதும் புதரோரத்திலிருந்து இரண்டு பெண்கள் கொழுந்துக் கூடையோடு வந்து என் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். சங்கத்தில் பெண்களும் உண்டு! அவர்களில் ஒருத்தி திரும்பி மேட்டைப் பார்த்துக் கை காட்டினாள். கான் வெட்டிக்கொண்டிருந்த ஒருவன் மண்வெட்டியோடு இறங்கி வந்தான். இப்போது நால்வராகிவிட்டோம். நான்கில் ஒன்று நான்.

மேலிருந்து பனி இறங்கியது. சாலையும் செடியும் வெள்ளையாகக் கலந்தன. பின்னால் வளையல் சத்தம், மண்வெட்டி கல்லில் இடிக்கும் சத்தம், அவ்வளவுதான். 'சரி, மறைவு கிடைத்தது, இப்போது செய்வார்கள்' என்று முடிவு கட்டினேன். அண்ணன் முகம் தெரிந்தது. மணையில் வெறுங்கையோடு முருகேசு தெரிந்தான். சாலையை விட்டுத் தேயிலைக்குள் பாய்ந்தேன்.

தேயிலைச் செடிக்குள் ஓடிப் பார்க்காதவர்களுக்கு ஒரு தகவல்: ஓட முடியாது. ஆறாவது செடியிலோ ஏழாவதிலோ தரை இல்லாத இடத்தில் கால் வைத்தேன். அது தண்ணீர் வடிய வெட்டிய கான். இடுப்பளவு பள்ளத்தில் மூட்டையோடு விழுந்தேன். கணுக்கால் திருகிக்கொண்டது.

மேலே மூன்று முகங்கள் எட்டிப் பார்த்தன. நான் மடியைப் பொத்திக்கொண்டு கூவினேன்:

"மூட்டையை எடுத்துக்குங்க! சட்டையை வேணும்னாலும் கழட்டித் தர்றேன்! இதை மட்டும் விட்டுடுங்க, விடிஞ்சா பிள்ளைக்குக் கல்யாணம்!"

பெண்களில் மூத்தவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்தாள், அது பலிக்கவில்லை.

"அய்யோ சாமி! நாங்க திருடங்கன்னு நெனச்சீங்களா? தாலி கொண்டு போறவரு ஒத்தையில போகக் கூடாதுன்னுல்ல தொணைக்கு வந்தோம்!"

"தாலின்னு யார் சொன்னது?"

அவள் என் வயிற்றைக் காட்டினாள். மழையில் மஞ்சள் துணி ஊறி, என் வெள்ளைச் சட்டையில் ஒரு சாண் அகலத்துக்கு மஞ்சள் பரவியிருந்தது. ஊரெல்லாம் பார்த்திருக்கிறது. எனக்கும் அந்தக் கறைக்கும் நடுவே என் தொந்தி இருந்ததால் நான் மட்டும் பார்க்கவில்லை.

"அதுவும் இல்லாம, மடியத் தொட்டுத் தொட்டுக் கும்புட்டுக்கிட்டே வந்தீங்க" என்றான் மண்வெட்டிக்காரன். அவன் பேர் மாயாண்டி.

"அப்போ இவ்வளவு பேர் எதுக்கு?"

"நாங்க ரெண்டு பேரு, நீங்க ஒண்ணு. நல்ல காரியத்துக்கு மூணு பேரா போகலாமா? அதான் மாயாண்டியண்ணனையும் கூப்புட்டேன்" என்றாள் இளையவள். "முன்னாடியே சொல்லியிருக்கலாமேன்னு கேக்காதீங்க. தொணைக்கு வர்றேன்னு வாய்விட்டுச் சொன்னா, ஐயாவுக்குப் பயமான்னு கேட்ட மாதிரி ஆயிடாதா?"

எனக்குப் பயமா என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று அவர்கள் இருபது அடி தள்ளி நடந்திருக்கிறார்கள். நான் கானுக்குள் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மாயாண்டி என்னைத் தூக்கி நிறுத்தினான். கால் ஊன்றவில்லை. அவன் தோளில் கையைப் போட்டு நொண்ட, பெண்கள் மூட்டையை மாற்றி மாற்றிச் சுமந்தார்கள். மேமலை எல்லைக் கல்லுக்கு வந்தபோது அப்பால் நின்று என்னை வாங்கிக்கொள்ள ஆளில்லை. மாயாண்டி குரல் கொடுத்துப் பார்த்தான். எல்லாரும் கொழுந்து நிறுக்கப் போயிருந்தார்கள். பெண்களும் தங்கள் கூடையை நிறுக்கப் போயாக வேண்டும்.

கத்திக்காரன் ஏன் பாலத்தோடு நின்றான் என்று அங்கேதான் விளங்கியது. வேலை நேரத்தில் தோட்டத்து எல்லையைத் தாண்டினால் அரைப் பேர் போய்விடும், அதாவது பாதி நாள் சம்பளம். கேள்வி முறையும் உண்டு. ஒவ்வொருவரும் தனக்குக் கொடுத்திருக்கும் கயிற்றின் நுனி வரை வந்து, அங்கே அடுத்தவர் கையில் என்னை விட்டிருக்கிறார்.

"நீ போப்பா. நான் தவழ்ந்தாவது போய்ச் சேர்றேன்" என்றேன்.

"தாலி தவழ்ந்தா போகும்? வாங்க" என்று மூட்டையைத் தன் தலையில் வைத்துக்கொண்டான்.

அவன் எல்லைக் கல்லைத் தாண்டிக் கால் வைத்த நேரத்தில்தான் மேட்டுப் பாதையில் அவன் கங்காணி வந்து நின்றார். கோட்டும் தலைப்பாகையும், கையில் பிரம்பு. மாயாண்டியின் தோள் என் கைக்கு அடியில் இறுகியது. கங்காணி அவனைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். என் சட்டையின் மஞ்சளைப் பார்த்தார். அந்த இடத்தில் பனி விலகி வெயில் அடித்துக்கொண்டிருந்தது; எதிர் மலையில் மேயும் ஆட்டை எண்ணலாம்.

"என்ன பனி, என்ன பனி!" என்று கங்காணி பக்கத்திலிருந்த பெண்களிடம் சத்தமாகச் சொன்னார். "முன்னால நிக்கிற ஆளுகூடத் தெரியல. மாயாண்டி அந்தப் பக்கம் கான் வெட்டுறானா?"

"ஆமாங்க கங்காணி, வெட்டுறாரு" என்றாள் மூத்தவள்.

"வெட்டட்டும்" என்று அவர் பிரம்பை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி நடந்தார்.

நாங்கள் மேமலையின் வீட்டு வரிசைகளான லயங்களை அடையும்போது வெயில் சாய்ந்திருந்தது. அண்ணன் வாசலில் நின்று பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூட்டையை இறக்கி வைத்ததும் மாயாண்டி திரும்பிவிட்டான். சாப்பிட்டுப் போ என்று அண்ணி சொன்னதற்கு, "பெரட்டுக்கு முன்னால சோறு சாப்புட வர்றேங்க, இப்ப கான் வெட்டணும்" என்று சிரித்தான். காலைப் பேரெடுப்புக்கு முன்னால் அவன் சொன்னபடியே வந்தான். கத்திக்காரனையும் அந்தப் பெண்களையும் தேடி ஆளனுப்பினோம். அவர்களிடமோ மாயாண்டியிடமோ பேர் கேட்டு வைத்துக்கொள்ளத் தோன்றாதவன் நான். ஆகவே யார் என்று சொல்லத் தெரியவில்லை. இந்தக் கட்டுரை எப்படியாவது அவர்கள் காதுக்கு எட்டினால், என் கும்பிடு அவர்களுக்குத்தான்.

கால் வீக்கம் வடிந்து, வந்த வழியே பண்டாரவளைக்குத் திரும்பியபோது, ஏற்றம் வந்ததும் எல்லாருக்கும் முன்னால் குதித்தேன். திருச்சி ஸ்டேஷனில் இறங்கியதும் என் காலை மிதித்துக்கொண்டு போன ஒருவர் திரும்பி நின்று, "எங்கே போயிட்டு வர்றீங்க?" என்று கேட்டார். மிதித்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஊர் வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

நடந்தது இவ்வளவுதான்: தாலி வழியில் தனியாகப் போகக் கூடாது என்று முன்பின் தெரியாத நான்கு பேர் எனக்குத் துணை நடந்தார்கள், ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார், விடியற்காலை முகூர்த்தத்தில் முருகேசு தாலி கட்டினான்.