பனிமலைக்குப் பதினான்கு பேர்

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. யாரைக் கண்டாலும் "நீங்களும் வாங்கோவன்" என்று சொல்லிவிடுவேன். எங்கள் ஆட்களிடம் இது பெரிய குற்றமில்லை. சாப்பிடும்போது ஒருவர் வந்தால் "சாப்பிடுங்கோ" என்போம், பயணம் பற்றிப் பேச்சு வந்தால் "வாங்கோவன்" என்போம். அது மரியாதைக்குக் கேட்டது என்று கேட்கப்பட்டவருக்கும் தெரியும். "இல்லையில்லை, இப்பதான் சாப்பிட்டனான்" என்று அவரும் மரியாதையாகத் தப்பிக்கொள்வார். உண்மையான அழைப்பு வேறு. அதற்குக் கணவனும் மனைவியுமாக வீடுதேடிப் போய், கதிரையில் இருந்து, தேத்தண்ணி குடித்து, வாயால் சொல்லவேண்டும். இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதாமல் தலைமுறை தலைமுறையாக ஓடிக்கொண்டிருந்தன. தொண்ணூறுகளின் நடுவில், ரொறன்ரோவில், என் வாயால் அந்த ஒழுங்கு குழம்பியது.

பனிச்சறுக்குப் பைத்தியம் பிடித்தது என் மனைவிக்குத்தான். மிசிசாகாவில் அவள் வேலைசெய்த அலுவலகத்தில், சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த ஒரு பெண் அவளுக்குத் தோழியானாள். இருவரும் நகருக்குள்ளேயே இருந்த ஒரு சிறு சரிவில் இரண்டு குளிர்காலம் விழுந்தெழும்பி ஸ்கீ பழகினார்கள். நானும் போனேன். எழும்புவதை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள், விழுவதை நான் பார்த்துக்கொண்டேன்.

மூன்றாவது குளிர்காலத்துக்கு அவள் பெரிய திட்டம் போட்டாள். கியூபெக் பக்கம் ஒரு மலையூர், பத்து மணி நேரக் கார் ஓட்டம், நாலு நாள். மூன்று நாள் ரிசோர்ட்டில், வடத்தில் தொங்கி ஓடும் கதிரை லிப்டில் ஏறி, சீராக்கி விட்ட பாதைகளில் சறுக்கி இறங்குவது. மற்ற ஒரு நாள் அதற்கெல்லாம் அப்பால். அங்கே லிப்டும் இல்லை, பாதையும் இல்லை. ஸ்கீயின் அடியில் வழுக்காமல் இருக்க ஒரு பட்டையை ஒட்டிக்கொண்டு, காட்டு மலையில் நடந்தே ஏறி, அங்கிருந்து சறுக்கி வருவது. அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற மூன்று நாளும் என்பது எனக்கு முதலே விளங்கிவிட்டது.

"ஒருத்தரும் மிதிக்காத பனியில ஒருக்கா இறங்கவேணும்," என்றாள். "இந்த நாட்டுக்கு வந்து ஏழு வருசம். பஸ் ஸ்ரொப்பில உப்புப் போட்டுக் கரைச்ச பனியைத்தானே மிதிச்சுக்கொண்டு திரியிறம். நீங்களும் வாறீங்கள்தானே?"

"ஓம், வாறன்," என்றேன்.

அந்த மலைக்கு வழிகாட்டி இல்லாமல் போகக்கூடாது. அவளே தொலைபேசியில் ஒருவனைப் பிடித்தாள். நாலு பேருக்கு மேல் கூட்டிக்கொண்டு போகமாட்டேன் என்று அவன் சொல்லிவிட்டான். நாங்கள் இருவர், தோழியும் கணவனும் இருவர், கணக்குச் சரி. கொண்டுவர வேண்டிய பொருட்களின் பட்டியலை அவன் ஃபாக்ஸில் அனுப்ப, அவள் அதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். பட்டியலில் சிறு மண்வெட்டியும், மடக்கக்கூடிய நீளமான கம்பியும் இருந்தன.

"கம்பி என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"பனி சரிஞ்சு ஆள் புதைஞ்சால் குத்தித் தேடுறதுக்கு," என்றாள், கறிக்கு உப்புப் பார்ப்பவள்போல. பிறகு என் முகத்தை ஒருமுறை பார்த்தாள். நான் போய்த் தண்ணீர் குடித்தேன்.

அதற்குப் பிறகு என் வாய் தன் வேலையைத் தொடங்கியது. ரூஜில் புதுவீடு வாங்கியிருந்த அண்ணை ஒருவர் எனக்கு ஊரிலிருந்தே பழக்கம். அவரிடம் பயணத்தைச் சொன்னேன், சொன்ன கையோடு "நீங்களும் வாங்கோவன்" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓம், வருவம்," என்றார். அவர் குடும்பம் ஐந்து பேர். அடுத்த கிழமை றிச்மண்ட் ஹில் கோயிலில் செருப்புக் கழற்றுகிற இடத்தில் ஒரு தெரிந்த தம்பதியைக் கண்டேன். அவர்களும் ஓம் என்றார்கள், பிள்ளைகளோடு நாலு பேர். எங்கள் கட்டடத்தில் பதினோராம் மாடியில், ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலைசெய்யும் அன்ரி ஒருவர் தனியாக இருந்தார். எலிவேற்றருக்குள் அவரிடமும் சொன்னேன். "அப்பிடியே தம்பி, வாறன்," என்றார். பதினான்கு பேர் ஆகிவிட்டோம்.

ஒருவர்கூட முறைப்படி மறுக்கவில்லை. எனக்கு அது விளங்கவேயில்லை.

பயணத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது அண்ணை வீட்டில் கூட்டம் வைத்தார். இரண்டு மணி நேரத்தில் ஒன்றேமுக்கால் மணி நேரம் சாப்பாட்டைப் பற்றியே பேச்சு நடந்தது. புட்டுமா வறுத்துக் கொண்டுபோவதா, இடியப்பம் அவித்துக் கொண்டுபோவதா, ஆட்டிறைச்சி வழியில் பழுதாகுமா. "வெளியில மைனஸ் இருபது அண்ணை, இறைச்சி எங்க பழுதாகிறது?" என்று ஒருவர் கேட்ட பிறகுதான் அது தீர்ந்தது. கறி வைக்கப் பெரிய கிடாரம் தன்னிடம் இருப்பதாக அண்ணை அறிவித்தார். மிச்சக் கால் மணி நேரத்தில் ஸ்கீக்கு வந்தார்கள்.

"தம்பி, உது இருந்து போறதோ, நிண்டு போறதோ?" என்று கேட்டார் அண்ணை.

"நிண்டு, அண்ணை."

அவர் தன் மனைவியைப் பார்த்தார். அந்த அக்கா தன் முழங்காலைப் பார்த்தார்.

மனைவியின் காட்டு மலை நாளைப் பற்றிப் பேச்சு வந்தபோது அண்ணை எழுதிவைத்திருந்த தாளில் அதை வெட்டினார். "நாலு பேர் ஒரு பக்கம், பத்துப் பேர் ஒரு பக்கம் எண்டு பிரியிறது சரியில்லை. அண்டைக்கு எல்லாரும் ஒண்டா காத்தடைச்ச ரியூப்பில இருந்து சறுக்குவம்," என்றார். பத்து விருந்தாளிகளை விட்டுவிட்டு வீட்டுக்காரர் நாள் முழுக்கக் காட்டுக்குப் போவது மரியாதையா? மனைவி சிரித்த முகத்தோடு தேத்தண்ணிக் கோப்பைகளை அடுக்கினாள். அந்தச் சிரிப்பை நான் அறிவேன்.

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக் கழற்றாமலே சொன்னாள்: "திங்கக்கிழமைக்குள்ள அந்த வழிகாட்டிக்கு முடிவு சொல்லவேணும். ஞாயிற்றுக்கிழமைக்குள்ள நீங்கள் கூப்பிட்ட ஆக்களை நீங்களே சமாளியுங்கோ. எனக்கு வேற ஒண்டும் வேண்டாம், அந்த ஒரு நாள் வேணும்."

தோழியிடமும் சொல்லியிருக்கிறாள். மறுநாள் தோழி என்னிடம் தொலைபேசியில் கேட்டாள்: "நீங்க சும்மா கூப்பிட்டா எல்லாரும் வந்துடுவாங்களா? எங்க ஊர்ல சினிமாவுக்குக் கூப்பிட்டாலே வரமாட்டாங்க." எனக்கு வெட்கமாக இருந்தது. கூப்பிட்டவரை வரவேண்டாம் என்பது எங்களில் செத்தவீட்டுக்குப் போகாமல் விடுவதற்கு அடுத்த பாவம்.

ஞாயிறு காலை ரூஜுக்கு ஓடினேன். காரிலேயே ஐந்து பொய் தயாரித்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. நான் வாய் திறக்கமுன் அண்ணை என் கையைப் பிடித்தார்.

"தம்பி, ஒண்டு சொல்லுவன், குறை நினைக்கக்கூடாது. அக்காவுக்கு முழங்கால். எனக்கும் உந்தக் குளிருக்குள்ள போக விருப்பமில்லை. நீர் அவ்வளவு ஆசையாக் கேட்டனீர். மாட்டன் எண்டால் மனம் நோவீர் எண்டுதான் ஓம் எண்டனான்."

"நான் மரியாதைக்குத்தான் கேட்டனான், அண்ணை," என்றேன்.

"நானும் மரியாதைக்குத்தான் சொன்னனான்."

இருவரும் சிரித்தோம். கோயிலில் கண்ட தம்பதிக்கு அவர் வீட்டிலிருந்தே தொலைபேசி எடுத்தேன். அங்கேயும் அதே கதை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சோதனை என்றார்கள், அந்த வயதுப் பிள்ளைகளுக்கு அப்படி என்ன சோதனை என்று நான் கேட்கவில்லை.

மிச்சம் அன்ரி. அதற்கு மனைவியும் கூட வந்தாள். "உங்களைத் தனிய விட்டால் அவவின்ர தங்கச்சியையும் கூப்பிட்டுப்போட்டு வருவீங்கள்," என்றாள். அன்ரி எங்களை இருத்தித் தேத்தண்ணி தந்தார். நான் இழுத்து இழுத்துத் தொடங்க, அவர் பாதியிலேயே விளங்கிக்கொண்டார்.

"அதுக்கென்ன தம்பி. நானும் சும்மா மரியாதைக்குத்தான் ஓம் எண்டனான். இந்த வயசில எனக்கென்ன சறுக்கல்?" என்று சிரித்தார். பயற்றம் பணியாரம் நாலு பொதிசெய்து, வழியில் சாப்பிடச் சொல்லித் தந்தார்.

எனக்குப் பெரிய நிம்மதி. வெளியே வரும்போது கதவருகில் ஒரு சோடி பனிச் சப்பாத்து கண்ணில் பட்டது. புத்தம் புதிது. உள்ளே கடதாசி திணித்தபடி, கயிற்றில் கடைச்சீட்டுத் தொங்கியபடி இருந்தது. அதன்மேல் ஒரு சோடி சிவப்புக் கையுறை.

எலிவேற்றர் எங்கள் நாலாம் மாடியில் நின்று கதவு திறந்தது. மனைவி இறங்கவில்லை. கதவு மூடியது.

"சப்பாத்தைக் கண்டனீங்களே?" என்றாள்.

"ஓம்."

அவள் பதினொன்றை அமத்தினாள்.

மறுபடி போய் இருந்தோம். மனைவிதான் பேசினாள். கலியாணத்துக்குச் சொல்வதுபோல, மடியில் கைவைத்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "அன்ரி, நாங்கள் ரெண்டு பேருமா வந்து கேக்கிறம். இது மரியாதைக்கு இல்லை. நீங்கள் எங்களோட கட்டாயம் வரவேணும்."

வழமைப்படி அவர் "பாப்பம் பிள்ளை" என்று சொல்லியிருக்கவேண்டும்.

"விடிய எத்தனை மணிக்கு வெளிக்கிடவேணும்?" என்றார்.

எலிவேற்றரில் திரும்பி இறங்கும்போது எனக்கு வேறொரு கவலை பிடித்துக்கொண்டது.

"அப்ப உம்மட நாள்? அண்டைக்கு அன்ரியை ஆர் பாக்கிறது?"

"நீங்கள்தான்," என்றாள். "அவவுக்குக் கீழ்ச் சரிவில பழக்கிறதுக்கு ஒராள் வேணும். விழப் பழக்கிறதுக்கு உங்களை விட்டால் ஆர்?"

"வழிகாட்டிக்கு நாலு பேர் எண்டெல்லோ சொல்லியிருக்கு?"

"மூண்டு பேர் எண்டு நேற்றே சொல்லிப்போட்டன்."

நேற்று அன்ரியின் சப்பாத்தை அவள் கண்டிருக்கவில்லை. நான் அவளைப் பார்த்தேன்.

"கம்பி என்னத்துக்கு எண்டு கேட்ட அண்டைக்கே உங்கட முகத்தைப் பாத்தனான்," என்றாள். "போகப் பயம் எண்டு சொல்லாமல் ஊரையெல்லாம் கூட்டினீங்கள்."

எனக்கே தெரியாத ஒன்றை அவள் சொல்லிவிட்டாள். அந்தப் பயணத்துக்கு மரியாதைக்கு ஓம் என்ற முதல் ஆள் நான்தான். கதவு திறந்து, இருவரும் எங்கள் மாடியில் இறங்கினோம். இவ்வளவு தூரம் என்னை அறிந்தவளைத் தனியே மலைக்கு விடுவதா என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

"இல்லை, நானும் மலைக்கு வாறன்," என்றேன்.

அவள் கைப்பைக்குள் வீட்டுக் கதவின் திறப்பைத் தேடியபடி சொன்னாள்: "சும்மா மரியாதைக்குச் சொல்லாதேங்கோ."