கைப்பையில் புளியோதரை, சூட்கேஸில் இன்ஹேலர்

நியூ ஜெர்சியில் பிஸ்கட்டவேயில் இருக்கிறோம். எங்கே கிளம்பினாலும் எங்கள் வீட்டில் முதலில் தயாராவது சாப்பாடுதான். கரீபியனில் ஒரு குட்டி எரிமலைத் தீவுக்குப் போனபோதும் அப்படித்தான். புளியோதரையும் முறுக்கும் கைப்பையை அடைத்துக்கொண்டதால், எட்டு வயது மகள் மீராவின் ஆஸ்துமா இன்ஹேலரைச் சூட்கேஸில் வைத்தேன்.

தீவுக்குப் போகும் சின்ன விமானத்தில் எடை அதிகம் என்று அந்தச் சூட்கேஸை ஏற்றவில்லை. அடுத்த நாள் சாயங்காலம் வரும் என்றார்கள்.

"அவளுக்கு வீசிங் வந்தே ரொம்ப நாளாச்சு. ஒண்ணும் ஆகாது" என்றார் கணவர். நானும் தலையாட்டினேன்.

காலையில் எரிமலை உச்சிக்குப் படியேறினோம். பாதி வழியில் மேகம் இறங்கிச் சில்லிட்டது. மீராவுக்கு இழுப்பு வந்துவிட்டது.

"அம்மா, ஐ கான்ட் ப்ரீத்."

வழுக்கும் கற்படிகளில் அவளை மாறி மாறித் தூக்கிக்கொண்டு இறங்கினோம். கீழே நின்ற டாக்ஸிக்காரர் தீவின் ஒரே க்ளினிக்குக்கு விரட்டினார். நெபுலைசர் வைத்த பிறகுதான் அவள் உதட்டில் நிறம் திரும்பியது. என் கைப்பையில் புளியோதரை பத்திரமாக இருந்தது.

இப்போதெல்லாம் இன்ஹேலர் ஒன்று என் கைப்பையில், ஒன்று மீராவின் இடுப்புப் பையில். அதை வைக்காமல் வேறெதையும் எடுத்து வைக்க விடுவதில்லை. போன வாரம் சான்டா கிளாரா கிளம்பும்போது கணவர் புளியோதரை டப்பாவோடு வந்து நின்றார்.

"இதை எங்க வைக்கட்டும்?"

"சூட்கேஸ்ல வைங்க. தொலைஞ்சா தொலையட்டும்."