வால்டெமார் தெச்செராவின் இடுப்பு

வால்டெமார் தெச்செரா மான்டிவிடியோ நகரப் பேருந்துகளில் முப்பத்து நான்கு வருடம் நடத்துநராக இருந்தவர். ஆடும் வண்டியில் நின்றே காலம் தள்ளியவர், ஒரு நாளும் விழுந்ததில்லை. விழுந்தது எண்பத்தொன்றாம் வயதில், லா தேஹா பேட்டையில் அவருடைய சொந்தச் சமையலறையில். தெர்மோஸ் ஃபிளாஸ்கில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு திரும்பினார், விழுந்தார், அவ்வளவுதான். தரையில் ஈரம்கூட இல்லை.

அது ஜூலை, எங்கள் ஊரில் நடுக் குளிர்காலம். மனைவி இறந்து ஒன்பது வருடமாகத் தனியாக இருந்தவர் என்பதால், மகள் கிரிசெல்தா மதியம் வந்து பார்க்கும்வரை தரையிலேயே கிடந்தார். சுளுக்கு என்று சொல்லித் தைலம் கேட்டாராம். துணைக்கு அனுப்பப்பட்டு ஆஸ்பத்திரியில் நான் அவரைப் பார்த்தபோது வலது கால் மற்றதைவிடக் குட்டையாக, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. அதைப் பார்த்தாலே போதும், படம் எடுக்க வேண்டியதில்லை. எடுத்தார்கள். தொடை எலும்பின் கழுத்து முறிந்திருந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு அறுவை, பாதி மூட்டு மாற்ற வேண்டும் என்றார்கள்.

நான் நோயாளிக்குத் துணையிருக்கும் வேலையில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். குடும்பங்கள் மாதச் சந்தா கட்டும், நிறுவனம் எங்களை அனுப்பும், நாங்கள் கட்டில் பக்கத்தில் உட்காருவோம். உட்கார மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். முறையாகப் பயிற்சி எடுத்தவள் நான். இடுப்பு முறிந்த முதியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் வருடம் திரும்புமுன் இறந்துவிடுகிறார் என்பதும், அவர்களில் பலரைக் கொல்வது படுக்கை என்பதும் எனக்குத் தெரியும். சளி கட்டும், முதுகு புண்ணாகும், புத்தி தடுமாறும். அதனால்தான் சீக்கிரம் அறுக்கிறார்கள், மறுநாளே எழுப்புகிறார்கள்.

கிரிசெல்தா கெட்டவள் இல்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, குடியிருப்பு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அப்பா விழுந்த அன்றே ஒரு முதியோர் இல்லத்தில் கட்டில் சொல்லி வைத்துவிட்டாள். தாழ்வாரத்தில் என்னிடம் தெளிவாகச் சொன்னாள்: "தானா கக்கூசுக்குப் போய்த் திரும்பி வந்தாருன்னா வீட்ல இருக்கட்டும். இல்லேன்னா இல்லந்தான். நான் வேற என்னம்மா பண்ணட்டும்?"

பெரியவருக்கும் அது தெரியும். "என்னைக் கேக்காமலே எனக்கு டிக்கெட் போட்டுட்டா," என்றார்.

வெள்ளிக்கிழமை ஆறரைக்கு நான் போனபோது கட்டில் தலைமாட்டில் 'ஆகாரம் இல்லை' என்ற அட்டை தொங்கியது. பக்கத்துக் கட்டிலில் தக்குவரெம்போ ஊரிலிருந்து வந்த கால் முறிவுக்காரர். அவர் மனைவி விடியுமுன்பே மாத்தே இலைத்தூளில் வெந்நீர் ஊற்றி வார்டில் கேட்டவர்களுக்கெல்லாம் குடிக்க நீட்டும் நல்ல பெண்மணி. ஏழரைக்கு மயக்க மருத்துவர் வந்தார். இளம்பெண், தூங்காத கண்கள்.

"காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா? குடிச்சீங்களா?"

"ஒண்ணுமே இல்ல, டாக்டர்."

பெரியவர் பொய் சொல்லவில்லை. அவர் அப்படித்தான் நம்பினார். ஆனால் மீசையில் பச்சைத் தூள் ஒட்டியிருந்தது.

எனக்குக் கணக்குப் போட நேரமில்லை, இருந்தும் போட்டேன். சொன்னால் முறை போய்விடும்; சனி ஞாயிறில் அவசரத்தைத் தவிர வேறு அறுவை இல்லை; திங்கள்கிழமை என்றால் நான்கு நாள் படுக்கை. சொல்லாவிட்டால் மயக்கத்தில் வயிற்றிலிருப்பது நுரையீரலுக்குப் போகலாம். முதலாவதில் ஒரு வழி இருந்தது. இரண்டாவதில் இல்லை.

"ஐயா, மாத்தே எத்தனை?" என்று கேட்டேன்.

"மாத்தேவா? நாலஞ்சு இருக்கும். அது எப்படிம்மா குடிச்ச கணக்குல வரும்?"

"கூட ஏதாவது?"

"ஒரு பொரிச்ச ரொட்டி. அது மாத்தேயோட வந்தது."

மருத்துவர் பேனாவை மூடினார். பொரித்த ரொட்டிக்கு எட்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும், பட்டியலின் கடைசியில் இடமிருந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் திங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். தக்குவரெம்போ அம்மாள் ஃபிளாஸ்கைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

"நீ செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்திருக்கணும்," என்றார் பெரியவர். "பஸ்ஸுல உன்ன மாதிரி ஆளுங்க ஏறினாலே நான் டிக்கெட் கட்ட மூணு தரம் எண்ணுவேன்."

இரண்டு மணிக்கு என் முறை முடிந்தது. நான் போகவில்லை. அறுவை அரங்கத்தின் வாசலில் ஒரு முழங்கால் நோயாளி தன் காலாலேயே நடந்து வந்து உட்கார்ந்திருந்தார். மயக்க மருத்துவர் காப்பிக்கு வெளியே வந்ததும் வழியில் நின்றேன்.

"டாக்டர், முழங்கால்காரரு திங்கக்கிழமையும் இதே மாதிரி நடந்து வருவாரு. எங்காளு திங்கக்கிழமை சளியோட கிடப்பாரு."

பட்டியலை முடிவு செய்வது நானல்ல என்றார். தெரியும் என்றேன். அவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே திரும்பினார், காப்பி வாங்கவில்லை. நாலேகாலுக்குப் பெரியவரை அறுவைக்குக் கொண்டுபோக ஸ்ட்ரெச்சர் வந்தது.

சனிக்கிழமை அவருக்குப் புத்தி தடுமாறியது. மருந்தும் மயக்கமும் சேர்ந்தால் பலருக்கு வரும். நர்ஸ்களைப் பார்த்து, "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல இடம் காலியா இருக்கு," என்று அதட்டினார். கண்ணாடியை மாட்டினேன், காது மிஷினை வைத்தேன், திரையை விலக்கினேன், இன்று என்ன கிழமை என்று பத்து முறை சொன்னேன். வார இறுதியில் இயன்முறைப் பயிற்சியாளர் கிடையாது. ஆனால் முழு எடையும் ஊன்றலாம் என்று அறுவை மருத்துவர் எழுதியிருந்தார். நானும் ஒரு நர்ஸும் சேர்ந்து கட்டில் ஓரத்தில் எழுப்பி நிறுத்தினோம். அவர் எங்கள் இருவரின் தாயாரையும் திட்டினார். ஞாயிற்றுக்கிழமை தெளிவாக இருந்தார், நாலடி வைத்தார், அப்போதும் திட்டினார்.

ஒன்பதாம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தரை விரிப்புகளைச் சுருட்டிப் பரண்மேல் போட்டேன், கழிவறை இருக்கையை உயர்த்தி வைத்தேன். கிரிசெல்தா மூன்று வாரம் தவணை கொடுத்திருந்தாள். முதல் வாரம் அழுதார், வலி என்றார், நாளைக்கு என்றார். வலி மாத்திரையைக் கொடுத்து அரை மணி கழித்து நடத்தினேன். இரண்டாம் வாரம் என் கையைத் தட்டிவிட்டார். நல்ல அடையாளம்.

மூன்றாவது ஞாயிறு கிரிசெல்தா கோட்டைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றாள். பெரியவர் கட்டிலிலிருந்து எழுந்தார். முதல் முறை பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார், இரண்டாம் முறை நின்றார். வாக்கர், கெட்ட கால், நல்ல கால். கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

நேரம் ஆயிற்று. உள்ளே சத்தமில்லை. கிரிசெல்தா ஓரடி எடுத்து வைத்தாள். நான் அவள் கோட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"விழுந்திருந்தா சத்தம் கேட்டிருக்கும்," என்றேன்.

தொட்டித் தண்ணீர் கொட்டும் ஓசை வந்தது. பிறகு குழாய். கதவு திறந்தது. ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வாக்கரைப் பிடித்தார், கட்டில்வரை வந்தார், உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் மகளைப் பார்த்தார்.

கிரிசெல்தா கைப்பேசியை எடுத்து இல்லத்துக்குப் பேசினாள். அந்தக் கட்டிலை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றாள். பிறகு கோட்டைக் கழற்றினாள்.